இருப்புக் கொள்ளாத மத்தியானம்

அகங்காரம், உலோபித்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல். புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குவதற்கு முன் இந்த ஏழு தலையான பாவங்களையும் வரிசை பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்து முடித்ததும் அவற்றுக்கு எதிரான ஏழு புண்ணியங்கள்: தாழ்ச்சி, உதாரம், கற்பு, பொறுமை, மட்டசனம், பிறர்சிநேகம், சுறுசுறுப்பு. காய்மகாரம் என்றால் பொறாமை. மட்டாகச் சாப்பிடுவதுதான் மட்டசனம் என்று ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் சொல்லித் தந்தது நினைவிருக்கிறது. அந்தச் சொல்மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு பிரியம் உண்டு.

குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு நான் வழக்கமாகச் சொன்னது அந்த ஏழில் கடைசியைத்தான். "சோம்பலாய் இருந்தேன் சாமி." எட்டு வயதில் சொன்னதை 48 வயதிலும் சொன்னேன். சிறுவயதில் சொன்னது உண்மை. 48 வயதில் சொன்னது உண்மையில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. எனக்குள் நடந்துகொண்டிருந்ததற்கு வேறு பெயர் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. 14 மாதம் என் வீட்டில் படுக்கையில் இருந்தார். காலை வேளையில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஐந்து மணிக்கு எழுந்து, அவரைத் துடைத்து, உடை மாற்றி, படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்க வைத்து, கஞ்சி ஊட்டி, மாத்திரையைப் பொடித்துக் கொடுத்து, துணி அலசிப் போட்டு முடிக்கப் பத்தரை ஆகிவிடும். கை ஓடும்வரை மனசும் அதன்பாட்டுக்குக் கூடவே ஓடும். பதினோரு மணிக்கு அம்மா கண்ணயர்வார். அதிலிருந்து மூன்று மணிவரைதான் பாடு.

கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஐந்து நிமிடம் தாங்காது. எழுந்து ஜன்னலுக்குப் போவேன். தெருவில் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பேன். திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தால் முள் நகர்ந்திருக்காது. போனை எடுப்பேன், வைப்பேன். அந்த அறையே பிடிக்காமல் போகும். கூடப்பிறந்தவர்கள் யாரும் இந்த வாரம் கூப்பிடவில்லை என்ற நினைப்பு வரும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, இருபது வருடத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் யாரோ சொன்ன ஒரு சொல் வரும். விட்டுவிட்டு வந்த வேலை ஞாபகத்துக்கு வரும். இன்னும் எத்தனை வருடம் இப்படி என்று மனசு கணக்குப் போடும். போட்ட கணக்கை நினைத்து எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கும்.

இதைத்தான் சோம்பல் என்று எண்ணினேன். சோம்பலுக்கு மருந்து சுறுசுறுப்பு என்று படித்திருக்கிறேனே. அதனால் சமையலறை அலமாரிகளை ஒரே மாதத்தில் மூன்று தடவை இறக்கி, துடைத்து, அடுக்கினேன். நிலைமை மோசமாகத்தான் ஆனது. ஒருநாள் அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "ஏட்டி, உனக்கு ஒரு இடத்துல இருப்பே கொள்ளாதா?"

அந்த நாட்களில்தான், பழைய பாலைவனத் துறவிகளின் எழுத்துக்களைப் போனில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து வந்தேன். 4-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் இருந்த ஒரு மனிதர் என்னுடைய மத்தியானத்தை அப்படியே எழுதி வைத்திருந்தார்.

அவர் பெயர் எவாக்ரியுஸ். கருங்கடலை ஒட்டிய பொந்துஸ் பகுதியில், இன்றைய துருக்கியில், ஏறக்குறைய 345-இல் பிறந்தவர். ஆயர் பெரிய பசிலியார் இவரைத் திருச்சபையில் வாசகராக நியமித்தார். நாசியான்ஸ் கிரகோரியார் குருப்பட்டத்துக்கு முந்திய தியாக்கோன் பட்டம் கொடுத்தார். 381-இல் திருச்சபையின் பொதுச்சங்கம் கூடிய கான்ஸ்டான்டிநோபிளில் வாதத்தில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தார். அந்த ஊரிலேயே உயர்குடியைச் சேர்ந்த ஒரு மணமான பெண்மேல் இவர் மனம் போயிற்று. தான் சிறைப்பட்டிருப்பதாகக் கனவு கண்டார். ஊரைவிட்டே போய்விடுகிறேன் என்று அந்தக் கனவுக்குள்ளேயே சத்தியம் செய்தார். விழித்ததும் அதைக் காப்பாற்றிக் கப்பலேறி எருசலேம் போய்ச் சேர்ந்தார்.

ஒலிவ மலையில் மெலானியா என்ற உரோமைப் பெருங்குடிப் பெண் துறவற இல்லம் நடத்தி வந்தார். அங்கே போயும் எவாக்ரியுஸுக்குப் பழைய பகட்டு விடவில்லை. காய்ச்சலில் விழுந்தார். ஆறு மாதம் வைத்தியர்களுக்குப் பிடிபடாத காய்ச்சல். மெலானியாதான் கட்டிலருகே உட்கார்ந்து, மகனே, இந்த நோய் சும்மா வந்ததாகத் தெரியவில்லை, மனசில் இருப்பதைச் சொல் என்று கேட்டார். எவாக்ரியுஸ் எல்லாவற்றையும் சொன்னார். துறவியாகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். சில நாளில் எழுந்து நடந்தார். அவரை எகிப்துக்கு அனுப்பி வைத்தவரும் மெலானியாதான். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து சரியான கேள்வியைக் கேட்ட அந்தப் பெண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எவாக்ரியுஸின் போதனை முழுவதும் அந்தக் கட்டிலடியில்தான் தொடங்கியது என்பது என் எண்ணம்.

நித்ரியா என்ற துறவியர் குடியிருப்பில் இரண்டு வருடம், பிறகு கெல்லியாவில் 14 வருடம். கெல்லியா என்றால் அறைகள். நைல் கழிமுகத்தின் மேற்கு ஓரத்துப் பாலையில், ஒருவர் சத்தம் ஒருவருக்குக் கேட்காத தூரத்தில் தனித்தனி அறைகள். சனி, ஞாயிறு கோயிலில் கூடுவார்கள். மற்ற ஐந்து நாளும் தனிமை. 1964-இல் அந்த இடத்தை அடையாளம் கண்டு தோண்டத் தொடங்கியபோது, பல நூற்றாண்டுகளாகக் கட்டப்பட்ட ஏறக்குறைய 1500 துறவு மனைகளின் தடயம் கிடைத்தது. எவாக்ரியுஸ் நாளுக்கு ஒரு இறாத்தல் ரொட்டி தின்று, நூல்களைப் படியெடுத்துப் பிழைத்தார் என்று அவருடைய சீடர் பல்லாதியுஸ் எழுதியிருக்கிறார். 399-இல், சனவரி 6-இல் வரும் மூன்று இராசாக்கள் திருநாள் சமயத்தில் இறந்தார்.

இனி அவர் எழுதிய மத்தியானம். துறவற நடைமுறையைப் பற்றி 100 சிறு பத்திகளில் ஒரு நூல் எழுதினார். 'ப்ராக்டிகோஸ்' என்று பெயர். அதில் 12-ஆம் பத்தி. நாலாம் மணியிலிருந்து எட்டாம் மணிவரை, நம் கணக்கில் காலை பத்திலிருந்து பிற்பகல் இரண்டுவரை, ஒரு பேய் துறவியை முற்றுகையிடும் என்கிறார். முதலில் சூரியன் நகரவே இல்லை, நாள் 50 மணி நேரம் நீள்கிறது என்று தோன்றச் செய்யும். அடிக்கடி ஜன்னலைப் பார்க்க வைக்கும். வெளியே வந்து சூரியனை அண்ணாந்து பார்த்து, சாப்பாட்டு வேளையான ஒன்பதாம் மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வைக்கும். சகோதரர் யாராவது வருகிறாரா என்று இங்கும் அங்கும் திரும்ப வைக்கும். பிறகு இருக்கும் இடத்தின்மேல் வெறுப்பு, வாழும் வாழ்க்கையின்மேல் வெறுப்பு, கைவேலையின்மேல் வெறுப்பு. அன்பு செத்துப்போயிற்று, ஆறுதல் சொல்ல ஆளில்லை என்ற நினைப்பு. சமீபத்தில் யாராவது மனம் நோகச் செய்திருந்தால் அதையும் எடுத்துக் கொண்டுவந்து சேர்க்கும். வேறு ஊருக்குப் போனால் பிழைப்பு சுலபம், கடவுளை எங்கே இருந்தும் பிரியப்படுத்தலாமே என்று நியாயம் பேசும். சொந்தபந்தங்களையும் பழைய வாழ்க்கையையும் ஞாபகப்படுத்தும். மீதி ஆயுள் எத்தனை நீளம் என்று விரித்துக் காட்டும்.

ஜன்னல், கடிகாரம், பழைய மனத்தாங்கல், மீதி ஆயுள் என்று எனக்கு வந்தது எல்லாமே அதில் இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். எனக்கு மட்டும் வந்த கேவலமில்லை இது. 1600 வருடத்துக்கு முன்பே ஒருவர் இதனுள்ளே உட்கார்ந்து, ஓடிப்போகாமல், அதன் முகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்பது அவ்வளவு பெரிய துணையாக இருந்தது.

இந்தப் பேய்க்குக் கிரேக்கத்தில் 'அகேடியா' என்று பெயர். 'கேதோஸ்' என்றால் அக்கறை, கவலை. முன்னால் வருகிற 'அ' அதை மறுக்கிறது. மத்தியானப் பேய் என்றும் சொல்கிறார். அந்தப் பெயர் 91-ஆம் சங்கீதத்திலிருந்து வந்தது. அம்மா நாசரேத் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்து, கல்யாணத்தின்போது கத்தோலிக்கத்துக்கு வந்தவர். கூடவே கொண்டுவந்த பழைய வேதாகமம் தலையணைக்கு அடியில்தான் இருக்கும். தினமும் அந்தச் சங்கீதத்தை வாசிக்கச் சொல்வார். "மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரத்துக்கும்" பயப்படாதிருப்பாய் என்ற வரியை நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். வெயில் காலத்துத் தொற்றுநோய் என்று நினைத்திருந்தேன். நம் தமிழ் எபிரேய மூலத்தைப் பின்பற்றி அழிவு என்ற பொருளில் சங்காரம் என்கிறது. எவாக்ரியுஸ் வாசித்த பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலோ அந்த இடத்தில் மத்தியானப் பிசாசு என்றே இருந்தது. நான் அம்மாவுக்குத் தினமும் உரக்க வாசித்த வரியில் அது உட்கார்ந்திருந்திருக்கிறது.

எவாக்ரியுஸ் அகேடியாவைத் தனியாகப் பேசவில்லை. எட்டை எண்ணுகிறார்: போசனப்பிரியம், மோகம், பண ஆசை, துயரம், கோபம், அகேடியா, வீண்பெருமை, அகங்காரம். நம் ஞானோபதேசப் பட்டியலின் தாத்தா இதுதான். ஆனால் அவர் இவற்றைப் பாவங்கள் என்று அழைக்கவில்லை. 'லோகிஸ்மொய்' என்கிறார். எண்ணங்கள் என்று அர்த்தம். இந்த எண்ணங்கள் நம்மைத் தொந்தரவு செய்யுமா செய்யாதா என்பது நம் கையில் இல்லை; அவை தங்குமா போகுமா, ஆசாபாசத்தைக் கிளறுமா கிளறாதா என்பதுதான் நம் கையில் என்று 6-ஆம் பத்தியில் சொல்லிவிடுகிறார். வாசலில் வந்து நிற்பதற்குக் குற்றம் கிடையாது. உள்ளே கூப்பிட்டுப் பாய் விரித்தால்தான் பேச்சு. எட்டு வயதில் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், அந்தத் தொட்டிக்குள் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை நடுங்கியிருக்க மாட்டேன்.

அதற்கு முன்னும் திருச்சபையில் பட்டியல்கள் இருந்தன. கலாத்தியருக்கு எழுதும்போது பவுலடியார் மாம்சத்தின் கிரியைகளை ஒரு பக்கமும் ஆவியின் கனிகளை மறுபக்கமும் அடுக்குகிறார். அப்போஸ்தலர் காலத்தை ஒட்டி எழுதப்பட்ட 'திதாக்கே' என்ற சிறுநூல், ஜீவ வழி, மரண வழி என்று இரண்டு வழி உண்டு, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு என்றுதான் தொடங்குகிறது. ஞானஸ்நானம் பெற வருகிறவருக்கு அது நல்ல பாடம். எதை விட வேண்டும், எதைப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஆனால் ஞானஸ்நானம் பெற்று இருபது வருடமான ஒருவர் ஒரு சாதாரண மத்தியானத்தில் தன் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது என்ன நடக்கிறது என்பது அந்தப் பட்டியல்களில் இல்லை. அதைப் பார்த்துச் சொன்னவர்கள் பாலைவனத்தார்.

அவர் பார்த்த விதம்தான் எனக்கு ஆச்சரியம். போசனப்பிரியம் என்றவுடன் நமக்குப் பந்தியில் இலை நிறையச் சாப்பிடுகிற ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார். எவாக்ரியுஸிடம் அது உடல்நலக் கவலையாக வருகிறது. வயிறு கெட்டுப்போகும், ஈரல் வீங்கும், நீர்க்கட்டு வரும், இங்கே வைத்தியர்கூடக் கிடையாதே என்று காதில் ஓதுகிறது; நோன்பிருந்து நோயில் விழுந்த சகோதரர்களின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துகிறது. பண ஆசை பொற்காசைக் காட்டுவதில்லை. முதுமையைக் காட்டுகிறது. கை ஓடாத காலம் வரும், பஞ்சம் வரும், நோய் வரும், அப்போது அடுத்தவரிடம் கைநீட்டி வாங்க வேண்டிய அவமானம் வரும் என்று பேசுகிறது. கோபம் சரியாக ஜெபநேரத்தில் மனதைப் பிடித்திழுத்து, நம்மை நோகடித்தவரின் முகத்தைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. எனக்குச் செபமாலையின் மூன்றாவது பத்துமணியில் அந்த முகம் வரும். ஒன்றுகூட அசிங்கமான வேஷத்தில் வருவதில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். பயம், முன்யோசனை, நியாய உணர்வு என்று எல்லாமே நமக்கு வேண்டியவர்களின் முகத்தோடு வந்துதான் கதவைத் தட்டுகின்றன.

வீண்பெருமையைப் பற்றி அவர் எழுதியதை வாசித்தபோது எழுதுகிறவள் என்ற முறையில் எனக்கு வெட்கமாக இருந்தது. தனி அறையில் இருக்கும் துறவியின் மனதில் ஒரு கூட்டம் கூடுகிறது. அவர் பேய் ஓட்டுகிறார், பெண்கள் குணமாகிறார்கள், அங்கியின் ஓரத்தைத் தொட ஜனங்கள் நெருக்குகிறார்கள். குருப்பட்டம் கொடுக்க ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். வேண்டாம் வேண்டாம் என்று இவர் மறுக்க, கட்டி இழுத்துப் போகிறார்கள். இதிலிருந்து தப்புவது கஷ்டம் என்கிறார் எவாக்ரியுஸ்; அதை ஒழிக்க நாம் செய்கிற காரியமே அடுத்த வீண்பெருமைக்கு விதையாகிவிடுகிறதாம். அவரும் இதில் அடிபட்டவர்தான். கெல்லியாவில் ஒரு கூட்டத்தில் அவர் பேசியபோது அங்கிருந்த குரு, "அப்பா, உம் ஊரிலேயே இருந்திருந்தால் ஆயராகக்கூட ஆகியிருப்பீர், தெரியும்; இங்கே நீர் அந்நியராக உட்கார்ந்திருக்கிறீர்" என்றார். எவாக்ரியுஸ் தலையை அசைத்து, ஒருமுறை பேசினேன், இனி மறுமொழி சொல்லமாட்டேன் என்ற பொருள்பட யோபுவின் வசனத்தைச் சொல்லி அடங்கிவிட்டார்.

எண்ணங்களைக் கவனி என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது. எது எப்போது வருகிறது, எப்போது உச்சத்துக்குப் போகிறது, எப்போது தணிகிறது, எதன் பின்னால் எது வருகிறது, எது எதோடு சேராது என்று குறித்துவை என்கிறார். நான் அம்மாவின் மருந்துக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் அப்படிக் குறிக்க ஆரம்பித்தேன். 11.20 ஜன்னல். 11.45 கல்யாண வீட்டுப் பேச்சு. 12.30 வருடக் கணக்கு. இரண்டு வாரத்தில் ஒன்று தெரிந்தது: வருகிற எண்ணங்களும் அவற்றின் வரிசையும் பெரும்பாலும் மாறவில்லை. ஒவ்வொரு நாளும் புதிதாக வந்த உண்மை என்று நான் நம்பியது, மணிக்கு மணி வந்து போகிற ஒன்று.

சரி, இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. அகேடியா எப்போதும் தூங்கச் சொல்வதில்லை. சில சமயம் புண்ணியம் செய்யச் சொல்லும். எவாக்ரியுஸின் போதனையை மேற்கே கொண்டுபோன யோவான் கசியான் இதை விரிவாக எழுதுகிறார். நோயாளிகளைப் போய்ப் பார், ஆதரவில்லாத அந்தப் பெண்ணுக்கு உதவு, வெறுமனே அறையில் உட்கார்ந்திருப்பதைவிட அதுதானே அன்பு என்று அது பேசுமாம். எனக்கும் பேசியது. பங்கில் ஒரு குழுவினர் வியாழக்கிழமை மத்தியானங்களில் மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளுக்காகச் செபிப்பார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை வைத்துவிட்டு நானும் போக ஆரம்பித்தேன். மூன்று வாரம். வார்டில் தெரியாத பெண்களின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லும்போது என் மனசு அவ்வளவு லேசாக இருந்தது. மூன்றாவது வாரம் திரும்பி வந்தபோது அம்மா விழித்து, சுவரைப் பார்த்தபடி கிடந்தார். எதுவும் கேட்கவில்லை. நான்காவது வாரம் நான் போகவில்லை. அந்தக் குழு செய்வது நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் எதைத் தேடி அங்கே போனேன் என்பது எனக்குத் தெரியும்.

அர்சேனியுஸ் என்ற துறவியிடம் ஒருவர் வந்து, உன்னால் நோன்பும் முடியவில்லை, வேலையும் முடியவில்லை, போய் நோயாளிகளையாவது பார் என்று என் எண்ணங்கள் சொல்கின்றன என்றார். போ, சாப்பிடு, குடி, தூங்கு, வேலைகூடச் செய்யாதே. அறையைவிட்டு மட்டும் வெளியேறாதே என்றார் அர்சேனியுஸ். சோம்பலுக்குச் சொல்கிற மருந்தா இது? ஒரு வேலையும் செய்யாமல் தூங்கு என்று சோம்பேறியிடம் எந்தப் பெரியவராவது சொல்வாரா? இந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. அகேடியா நம் ஞானோபதேசத்துச் சோம்பல் கிடையாது. அம்மா கேட்டாரே, இருப்பே கொள்ளாதா என்று, அதுதான். இருப்புக் கொள்ளாமை. இத்தனை சரியான சொல் நம் வீடுகளில் தினமும் புழங்குகிறது. அதற்கு எதிரான புண்ணியமாகப் பாலைவனத்தார் சொன்ன 'ஹுப்பொமொனே'யை நாம் பொறுமை என்று எழுதிவைத்திருக்கிறோம். அடியில் தங்கி நிற்பது என்பதுதான் அந்தச் சொல்லின் கட்டு. இருப்பு என்றே சொல்லலாம்.

அப்படியானால் அது எப்படிச் சோம்பல் ஆயிற்று? எவாக்ரியுஸ் இறந்த கையோடு, 3-ஆம் நூற்றாண்டு வேத அறிஞர் ஓரிகனின் போதனை குறித்த சண்டையில் அலெக்சாந்திரியா ஆயர் தெயோபிலுஸ் அந்தத் துறவிகளை விரட்டினார். கசியான் கடைசியில் இன்றைய பிரான்சின் மர்சேய் நகரில் குடியேறி, லத்தீனில் எட்டுக் கேடுகளைப் பற்றி எழுதினார். எவாக்ரியுஸின் பெயரை அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. சொல்ல முடியாத காலம் அது. 553-இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஓரிகன் வழியினர் கண்டிக்கப்பட்டபோது எவாக்ரியுஸின் பெயரும் அதில் அகப்பட்டது. அவர் நூல்கள் பல சிரியாக் மொழியில் தப்பின; கிரேக்கத்தில் சில, நீலுஸ் என்ற வேறொருவர் பெயரில் தப்பின. 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் யோபு நூலுக்கு எழுதிய விளக்கத்தில் பட்டியலை மாற்றி அமைத்தார். அகங்காரத்தை எல்லாவற்றுக்கும் வேராக வைத்தார், காய்மகாரத்தைச் சேர்த்தார், அகேடியாவின் பெயரை எடுத்துவிட்டுத் துயரத்தை மட்டும் வைத்தார். பின்னால் வந்தவர்கள் துயரத்தின் இடத்தில் அகேடியாவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். காலப்போக்கில் அது வேலை செய்யாமல் இருப்பது என்று குறுகிப் போயிற்று. 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் அக்குவினாஸ் தோமையார்கூட, தெய்வீக நன்மையைக் கண்டு வருகிற சோர்வு என்றுதான் அதை விளக்கினார். ஞாயிறு வகுப்புக்கு வந்து சேர்ந்தபோது மிஞ்சியது சோம்பல் மட்டும்.

பெரிய கிரகோரியாரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஊர் ஜனங்களுக்குப் போதிக்க எளிதான பட்டியல் அவருக்கு வேண்டியிருந்தது. காய்மகாரம் இல்லாத பட்டியலை நம் தெருவுக்குக் கொண்டுவர முடியுமா? எவாக்ரியுஸிடமும் எனக்கு ஒப்பாதவை உண்டு. மோகத்தை அடக்க மார்கழிக் குளிரைப்போன்ற குளிரில் இரவு முழுக்கக் கிணற்றுக்குள் நின்றார் என்று பல்லாதியுஸ் எழுதுகிறார். தன் உடம்பை அப்படி நடத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆசாபாசம் ஓய்ந்த நிலைக்கு அவர் 'அபாதேயா' என்று பெயர் வைத்தார். வேதாகமத்தை லத்தீனில் தந்த ஜெரோம் அதைப் பிடித்துக்கொண்டு, அப்படிப்பட்டவன் கல்லாக இருக்க வேண்டும், அல்லது கடவுளாக இருக்க வேண்டும் என்று சாடினார். ஜெரோமின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எவாக்ரியுஸ் அபாதேயாவோடு நின்றுவிடவில்லை. அதன் பிள்ளைதான் அன்பு என்று எழுதினார். எட்டு எண்ணங்களோடு மல்லுக்கட்டியது அந்தப் பிள்ளைக்காகத்தான்.

அவர் தருகிற மருந்துகளில் சில ரொம்பவும் வீட்டுத்தனமானவை. மனத்தாங்கலைக் காணிக்கை அணைக்கும், யாக்கோபு தன்மேல் கோபமாயிருந்த அண்ணன் ஏசாவுக்குக் கொடுத்து அனுப்பியதுபோல. நாமோ ஏழைகள், சாப்பாட்டுப் பந்தியால் அதைச் சரிக்கட்டுவோம் என்கிறார். இதைப் படித்துவிட்டுத்தான் அண்ணன் குடும்பத்தை ஒரு ஞாயிறு மீன்குழம்புக்குக் கூப்பிட்டேன். பழைய பேச்சை யாரும் எடுக்கவில்லை. சாப்பிட்டு முடித்து அண்ணன் தானாகவே போய் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்தான்.

அகேடியாவுக்கு அவர் சொன்னது வேறு. கண்ணீரோடு உன் ஆத்துமாவை இரண்டாகப் பிரி. ஒன்று ஆறுதல் சொல்லட்டும், மற்றது கேட்கட்டும் என்கிறார். சொல்ல வேண்டிய வார்த்தை தாவீதுடையது என்று அவர் தருவது: "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்?" தியங்குதல் என்ற சொல்லை அம்மாவின் வேதாகமத்தில்தான் பார்க்கிறேன். அதை வாய்விட்டுச் சொல்வேன். சில நாள் கேட்டது, சில நாள் கேட்கவில்லை.

பாலைவனத் தந்தையரின் சொற்களைத் தொகுத்த நூலில் முதல் சொல் வனத்து அந்தோணியாருடையது. அதுவும் அகேடியாவைப் பற்றித்தான். எண்ணங்கள் சூழ்ந்துகொள்ள, என்ன செய்வேன் ஆண்டவரே என்று அவர் கேட்கிறார். வெளியே பார்த்தால் தன்னைப்போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு திரிக்கிறார், எழுந்து செபிக்கிறார், மறுபடி உட்கார்ந்து ஓலை முடைகிறார். அது ஒரு சம்மனசு, தேவதூதர். இப்படிச் செய், மீட்படைவாய் என்கிறது.

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஓலை என்றதும் முகம் மாறிவிட்டது. சிறுமியாக இருந்தபோது ஊரில் பனையோலைப் பெட்டி முடைந்திருக்கிறார்; எனக்கு அது தெரியவே தெரியாது. ஓலை கொண்டா என்றார். சொந்தக்காரர் ஒருவர் மூலம் குருத்தோலை வந்தது. "ஈர்க்கை எடுத்துட்டு நனைச்சு வை. காஞ்ச ஓலை ஒடிஞ்சிரும்." அம்மாவின் வலக்கை ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ளும். மடிப்பது என் வேலை. தப்பாக மடித்தால் விரலால் தட்டுவார். முதல் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்த்தபோது இரண்டே முக்கால்.

கசியான் பவுல் என்ற துறவியைப் பற்றிச் சொல்கிறார். அவர் இருந்த இடத்திலிருந்து சந்தைக்கு ஏழு நாள் நடை. சுமைகூலி விற்கிற விலையைவிட அதிகம். இருந்தாலும் தினமும் ஓலை சேர்த்து, தனக்கு அளந்து வைத்த வேலையைச் செய்து முடிப்பார். வருடக் கடைசியில் குகை நிறைந்ததும் எல்லாவற்றையும் தீயிட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். முன்பெல்லாம் இது வீண் வேலை என்று தோன்றியிருக்கும். இப்போது அந்த மனிதரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க ஆசையாக இருக்கிறது.

கடைசியாகப் போன பாவசங்கீர்த்தனத்தில், "இருப்புக் கொள்ளவில்லை சாமி" என்று சொன்னேன். தொட்டிக்குள் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "வீட்டில் யாரம்மா இருக்காங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

இந்த மத்தியானப் பேய் போன பிறகு உடனே வேறு எதுவும் பின்தொடர்ந்து வராது. ஒரு சமாதானமும் சொல்லமுடியாத மகிழ்ச்சியும் வரும் என்று எவாக்ரியுஸ் அந்தப் பத்தியை முடிக்கிறார். எனக்கு எல்லா நாளும் வரவில்லை. வந்த நாட்களில் அது மூன்றரை மணிக்கு வந்தது. அம்மா விழித்து, காப்பி கேட்டு, மடியில் கிடந்த பெட்டியை ஒற்றைக் கையால் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மூலை சரியாயிருக்கு" என்பார்.

அம்மா போகும்போது 11 பெட்டி முடிந்திருந்தது. பன்னிரண்டாவது பாதியில் நிற்கிறது. இன்று காலை அதைத் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன். மணி பத்தே முக்கால்.